ஒரு மண்டபம் கண்ட காலங்கள்

மனிதருக்கு இருப்பது போலக் கட்டிடங்களுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. எங்கள் பிரதேசப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் படித்த பாடசாலை அகதி முகாமானதையும், அன்னதானம் கொடுத்த கோயில் மடத்தில் காயப்பட்டவர்களைக் கிடத்தியதையும், நெல் மூட்டை அடுக்கிய களஞ்சியத்தில் சனம் பாய் விரித்துப் படுத்ததையும் நாம் கண்ணால் கண்டவர்கள். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது அந்தக் கட்டிடங்களும் எங்களைப் போலவே காயங்களோடு நின்றன. இனி அவற்றை எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்வி எங்கள் மாதர் சங்கத்துக்கும் வந்தது. அந்தக் கேள்வியைப் பற்றி யோசிப்பதற்கு எனக்கு உதவியது, எங்கள் ஊரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் இடம். அது லண்டன் நகரத்தில் ஒரு காலத்தில் இருந்த குத்துச்சண்டை மண்டபம்.

குத்துச்சண்டை என்றதும் சகோதரிகள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். அடிதடியைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம், அதைக் காசு கொடுத்தும் பார்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்த விளையாட்டில் ஆசை இல்லை. ஆனால் அந்த மண்டபத்தை இருபது வருடங்களுக்கு மேலாக நடத்தியவர் கணவனை இழந்த ஒரு பெண் என்று அறிந்தபோது, அதன் கதையை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

2014 இல் என் தங்கைக்கு ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. அவளுக்கு உதவியாக நான் மூன்று மாதம் லண்டனில் நின்றேன். தேம்ஸ் நதிக்குத் தெற்கே சதக் என்ற பகுதியில் பிளாக்பிறையர்ஸ் வீதி இருக்கிறது. ஒருநாள் தங்கையின் மகன் என்னை அவ்வழியே கூட்டிச் சென்றான். சதக் நிலக்கீழ் புகையிரத நிலையத்துக்கு எதிரே கண்ணாடியால் மூடிய பெரிய கந்தோர்க் கட்டிடம் ஒன்று நின்றது. அதன் பெயர் பலெஸ்ட்றா. "பெரியம்மா, பலெஸ்ட்றா எண்டால் பழைய கிரேக்கத்தில மல்யுத்தம் பழகிற இடம். இந்த இடத்தில முந்தி ஒரு குத்துச்சண்டை மண்டபம் இருந்தது. அதால தான் இந்தப் பெயர்" என்று அவன் சொன்னான். அருகில் "த றிங்" என்ற பெயரில் ஒரு மதுபானச்சாலையும் இருந்தது. அதன் சுவர்களில் பழைய குத்துச்சண்டை வீரர்களின் படங்கள் தொங்குவதாகச் சொன்னான். நான் உள்ளே போகவில்லை. ஆனால் அந்த மண்டபத்தைப் பற்றி அவனைக் கொண்டே தேடித் தேடி வாசிப்பித்துக் கேட்டேன். அப்படி அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கட்டிடம் குத்துச்சண்டைக்காகக் கட்டப்பட்டதல்ல. அது ஒரு தேவாலயம். 1783 இல் றோலன்ட் ஹில் என்ற போதகர் அதைக் கட்டுவித்தார். சறே தேவாலயம் என்பது அதன் பெயர். மற்றைய தேவாலயங்களைப் போல நீளமாக இல்லாமல் வட்டவடிவில் அது அமைந்திருந்தது. மூலைகள் இருந்தால் சாத்தான் ஒளிந்துகொள்வான் என்பதற்காகவே போதகர் வட்டமாகக் கட்டினார் என்று ஒரு கதை சொல்லுவார்கள். கதை எப்படியோ, வட்டமாகக் கட்டியதில் ஒரு நன்மை இருந்தது. எங்கே இருந்தாலும் நடுவில் நிற்பவரைக் காணலாம், அவருடைய குரலையும் கேட்கலாம். இந்த நன்மைதான் பின்னால் வந்தவர்களுக்கும் பயன்பட்டது.

றோலன்ட் ஹில் பிரசங்கத்தோடு நின்றவர் அல்லர். ஏழைப் பிள்ளைகளுக்காக ஞாயிறு பாடசாலைகளை நடத்தினார். பெரியம்மை நோய் வீடு வீடாகச் சனத்தைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. எட்வேர்ட் ஜென்னர் என்ற வைத்தியர் அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்டுபிடித்தபோது பலர் அதற்குப் பயந்தார்கள். சில மதத்தவர்கள் எதிர்த்தார்கள். றோலன்ட் ஹில் அதை ஆதரித்து எழுதியதோடு, தானே ஆயிரக்கணக்கானவர்களுக்கு அம்மைப்பால் குத்தினார். 1833 இல் அவர் இறந்தபோது அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஆனால் அந்த நிலம் தேவாலயத்தாருக்குச் சொந்தமாக இருக்கவில்லை. குத்தகைக் காலம் முடிவை நெருங்கியபோது அவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. காணி உறுதி இல்லாமல் அலைகின்ற எங்களுக்கு இது புதிய செய்தி அல்ல. 1876 இல் சபையினர் சற்றுத் தூரத்தில் புதிய ஆலயம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வேறொரு கிறிஸ்தவ சபையினர் 1881 வரை பழைய கட்டிடத்தைப் பாவித்தார்கள். அதன் பிறகு அங்கே பிரார்த்தனை நடக்கவில்லை. இயந்திரங்களை வைக்கும் களஞ்சியமாக அது மாறியது. சில வருடங்களின் பின் கவனிப்பாரற்றுக் குப்பை நிறைந்து கிடந்தது.

இந்த நிலையில்தான் டிக் பேர்ஜ், பெல்லா பேர்ஜ் என்ற தம்பதியர் அதைக் கண்டார்கள். டிக் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பெயர்பெற்ற குத்துச்சண்டை வீரர். பெல்லா பாட்டு, ஆட்ட மேடைகளில் தோன்றிய கலைஞர். அக்காலத்தில் மிகவும் புகழ்பெற்ற மேடைப் பாடகியான மேரி லொயிட்டுடன் சகோதரி போல வளர்ந்தவர். 1901 இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. 1902 இல் ஒரு வங்கி மோசடி வழக்கில் டிக் குற்றவாளியாகக் காணப்பட்டுப் பத்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார். திருமணமாகிச் சிறிது காலத்திலேயே பெல்லா சிறைக் கைதியின் மனைவியானார்.

இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன். கணவன் சிறையில் இருக்கும்போது ஒரு பெண் ஊராரின் பார்வையை எப்படித் தாங்குகிறாள் என்பது எங்களில் பலருக்குத் தெரியும். பெல்லாவின் கணவனுடைய வழக்கும் எங்கள் பெண்களின் கணவன்மார், பிள்ளைகளுடைய வழக்குகளும் ஒன்றல்ல. ஆனால் சிறைவாசலில் காத்திருக்கும் பெண்ணின் நாட்கள் எந்த நாட்டிலும் நீளமானவைதான். பெல்லா காத்திருந்தார். டிக் தண்டனைக் காலம் முழுவதும் முடியுமுன்னர் விடுதலையாகி வந்தார். இருவரும் சேர்ந்து அந்தப் பாழடைந்த வட்டக் கட்டிடத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதைத் துப்பரவு செய்வதற்கு அந்தப் பகுதியில் வீடு வாசல் இல்லாமல் தெருவில் படுத்தவர்களை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். 1910 மே மாதத்தில் "த றிங்" என்ற பெயரில் மண்டபம் திறக்கப்பட்டது.

றிங் என்றால் வளையம். குத்துச்சண்டை மேடைக்கு றிங் என்ற பெயர் இந்த மண்டபத்தால் வந்தது என்று சிலர் நினைப்பதுண்டு. அது சரியல்ல. முற்காலத்தில் வெளியில் சண்டை நடக்கும்போது சனம் சுற்றிவர வளையமாக நிற்கும். அதிலிருந்து வந்த பழைய சொல் அது. கட்டிடம் வட்டமாக இருந்ததால் பெயர் அதற்குப் பொருந்திப் போயிற்று.

அந்தக் காலத்தில் லண்டனில் செல்வந்தர்கள் பார்க்கும் குத்துச்சண்டைக் கழகங்கள் இருந்தன. அங்கே சாதாரண மனிதர் போக முடியாது. பேர்ஜ் தம்பதியர் கூலித் தொழிலாளர்களும் வந்து பார்க்கக் கூடியதாக மண்டபத்தை நடத்தினார்கள். துறைமுகத் தொழிலாளரும் சந்தை வியாபாரிகளும் வந்தார்கள். வாரத்தில் பல நாட்கள் போட்டிகள் நடந்தன. ரெட் கிட் லூயிஸ், லென் ஹாவி போன்ற பெயர்பெற்ற வீரர்கள் அங்கே சண்டை செய்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வறிய குடும்பத்துப் பிள்ளைகள். அந்த மண்டபத்தில் கிடைத்த காசு சிலருடைய வீட்டில் ஒரு கிழமைச் சாப்பாடு.

முதலாம் உலக யுத்தம் வந்தது. டிக் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தும் படையில் சேர்ந்தார். 1918 மார்ச்சில் நியூமோனியாக் காய்ச்சலால் அவர் இறந்தார். யுத்தம் முடிய இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. பெல்லாவுக்கு அப்போது நாற்பது வயதளவில். கையில் இருந்தது குத்தகைக் கட்டிடம் ஒன்று. அதில் நடப்பதோ முற்றுமுழுதாக ஆண்களின் தொழில். வீரர்கள் ஆண்கள், பயிற்றுவிப்போர் ஆண்கள், பந்தயம் பிடிப்போர் ஆண்கள், பார்க்க வருவோரும் பெரும்பாலும் ஆண்கள். மண்டபத்தைக் கைவிட்டுவிட்டு ஒதுங்கியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெல்லா ஒதுங்கவில்லை. போட்டிகளை ஒழுங்கு செய்வதையும் கணக்கு வழக்கையும் தானே ஏற்றுக்கொண்டார். குத்துச்சண்டைப் போட்டிகளை ஒழுங்கு செய்து நடத்திய உலகின் முதற் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். சனம் அவரைப் "பிளாக்பிறையர்ஸ் பெல்லா" என்று அழைத்தது. பெண்கள் குத்துச்சண்டை மண்டபத்துக்குள் வருவது மரியாதைக் குறைவு என்று கருதப்பட்ட காலத்தில், பெண்களும் வந்து பார்க்கும் பழக்கத்துக்கு வழிவிட்டவர்களில் அவரும் ஒருவர். 1928 இல் வேல்ஸ் இளவரசர் அந்த மண்டபத்துக்கு வந்து போட்டி பார்த்தார். பின்னர் எட்டாம் எட்வேர்ட் மன்னரானவர் அவர்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். பெல்லா மேடையை நடத்தினார். ஆனால் அந்த மேடையில் பெண்கள் ஏறிப் போட்டியிட அனுமதி இருக்கவில்லை. பிரித்தானியாவில் அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் பெண்கள் மீதான தடையை நீக்கியது 1996 இல். தொழில்முறைப் போட்டிக்கு அனுமதி பெறுவதற்கு ஜேன் கவுச் என்ற வீராங்கனை நியாயசபைக்குப் போக வேண்டியிருந்தது. 1998 இல் அவர் வென்றார். 2012 இல் லண்டனில் நடந்த ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்களுக்குக் குத்துச்சண்டை சேர்க்கப்பட்டது. இங்கிலாந்தின் நிக்கொலா அடம்ஸ் தங்கப் பதக்கம் பெற்றார். இரண்டு பிள்ளைகளின் தாயான இந்தியாவின் மேரி கோம் வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒரு பெண் கதவைத் திறப்பதற்கும் அடுத்த பெண் உள்ளே நுழைவதற்கும் இடையில் எத்தனை காலம் போகிறது பாருங்கள்.

1930களில் மண்டபத்துக்குக் கஷ்டகாலம் வந்தது. வேறு பெரிய அரங்குகளோடு போட்டி போட வேண்டியிருந்தது. வருமானம் குறைந்தது. அந்த நேரத்தில் றொபேட் அற்கின்ஸ் என்ற நாடக நெறியாளர் அந்த வட்ட மண்டபத்தில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை மேடையேற்றினார். 1936 இல் ஐந்தாம் ஹென்றி நாடகம் அங்கே நடந்தது. மூக்கில் இரத்தம் வழிய வீரர்கள் விழுந்து எழும்பிய இடத்தில் நடிகர்கள் நின்று வசனம் பேசினார்கள். சுற்றிவர இருந்து பார்ப்பது நாடகத்துக்கும் பொருத்தமாக இருந்தது.

பிறகு இரண்டாம் உலக யுத்தம். 1940 இல் ஜேர்மன் விமானங்கள் லண்டன் மீது இரவு இரவாகக் குண்டு போட்டன. சனம் நிலக்கீழ் புகையிரத நிலையங்களுக்குள் படுத்துறங்கியது. நாங்கள் பங்கருக்குள் இருந்தது போலத்தான். அந்தக் குண்டுவீச்சில் றிங் மண்டபம் அழிந்தது. தேவாலயச் சபையினர் 1876 இல் கட்டிக்கொண்டு போன புதிய ஆலயமும் அதே யுத்தத்தில் குண்டுக்கு இலக்காகி, அதன் கோபுரம் மட்டுமே மிஞ்சியது. போனவர்களும் தப்பவில்லை, நின்றவர்களும் தப்பவில்லை. யுத்தம் அப்படித்தான்.

பெல்லாவின் மண்டபம் திரும்பக் கட்டப்படவில்லை. அவர் 1962 வரை வாழ்ந்தார். அவருடைய வாழ்க்கையைப் பற்றி அவர் உயிரோடு இருந்தபோதே, 1961 இல், ஒரு புத்தகம் வெளிவந்தது. மண்டபம் போன பிறகும் அதை நடத்தியவர் மறக்கப்படவில்லை என்பது மனதுக்கு ஆறுதல் தந்தது.

அந்த நிலத்துக்கு இன்னும் ஒரு கதை உண்டு. யுத்தத்தின் பின் அவ்விடத்தில் ஓர்பிற் ஹவுஸ் என்ற கந்தோர்க் கட்டிடம் எழுந்தது. 1967 முதல் 1998 வரை இந்தியா ஒவிஸ் நூலகமும் ஆவணக் காப்பகமும் அங்கேதான் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பனியும் பின்னர் பிரித்தானிய அரசும் எங்கள் பக்கத்து நாடுகளை ஆண்ட காலத்துக் கடிதங்கள், கணக்குகள், வரைபடங்கள் எல்லாம் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பின்னர் அவை பிரித்தானிய நூலகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. பழைய கட்டிடம் இடிக்கப்பட்டு 2006 இல் பலெஸ்ட்றா கட்டி முடிந்தது. பிரார்த்தனை, அம்மைப்பால், இயந்திரங்கள், குத்துச்சண்டை, நாடகம், குண்டு, ஆவணங்கள், கந்தோர். ஒரு துண்டு நிலத்தில் இருநூற்று முப்பது வருடங்கள்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது எங்கள் சங்கத்தில் ஒரு பிரச்சினை சூடுபிடித்திருந்தது. எங்கள் ஊரில் பழைய நெற்களஞ்சியம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் வேறு இடங்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அதற்குள் சேலைகளால் மறைப்புக் கட்டி வாழ்ந்தன. 2009 தொடக்கத்தில் காயப்பட்டவர்களை அங்கே வைத்துப் பார்த்தார்கள். எல்லாரும் பிழைக்கவில்லை. 2010 இல் நாங்கள் மீளக் குடியேறியபோது கூரை இல்லாமல் சுவர்கள் மட்டும் நின்றன. ஒரு நலன்புரி அமைப்பின் உதவியால் கூரைத்தகடு போட்டோம். அதில் பாலர் பாடசாலை நடத்துவதா, இடித்துவிட்டு உதவி கிடைக்கும்வரை காத்திருப்பதா என்பதுதான் பிரச்சினை.

இடிக்க வேண்டும் என்றவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. "சாவு கிடந்த இடத்தில பிள்ளையளை எப்படி இருத்திறது?" என்று ஒரு தாய் கேட்டார். அவருக்கு எவராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நடத்த வேண்டும் என்றவர்களிடமும் நியாயம் இருந்தது. கூலி வேலைக்குப் போகும் தாய்மார் சிறு பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டுப் போவது? அடுத்த உதவி எந்த வருடம் வரும்?

நான் பிளாக்பிறையர்ஸ் மண்டபத்தின் கதையைச் சொன்னேன். ஆனால் நான் சொன்ன கதை பிரச்சினையைத் தீர்த்தது என்று சொல்லமாட்டேன். லண்டன் வேறு, எங்கள் ஊர் வேறு. பெல்லா மண்டபத்தை இழந்த இரவில் அங்கே அவருடைய பிள்ளை கிடக்கவில்லை. கூட்டத்தில் இருந்த சிலர் அமைதியாகக் கேட்டார்கள். சிலர் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பின்னால் இருந்த ஓர் அக்கா எழும்பினார். கூட்டங்களில் அவர் பேசுவது குறைவு. அவருடைய கணவர் அந்தக் களஞ்சியத்துக்குள் தான் கடைசி மூச்சை விட்டவர். "அந்தச் செத்த பெண்ணாட்டியின்ர கதையை ரீச்சர் சொன்னவ. அவ தன்ர மனிசன் செத்தாப்பிறகும் அந்த மண்டபத்தை விடேல்லை. நானும் அந்த இடத்தைப் பூட்டி வைக்கச் சொல்லேல்லை. பாலர் பாடசாலையை நடத்துங்கோ. ஆனா ரெண்டு விசயம். மேற்குப் பக்கச் சுவரில இருக்கிற துளையளைப் பூசி மறைக்க வேண்டாம். திறப்பு என்னட்ட இருக்கட்டும். காலமை நான் வந்து திறந்து கூட்டி விடுறன்" என்றார்.

இடிக்க வேண்டும் என்று கேட்ட தாய் அன்று சம்மதிக்கவில்லை. தன் பிள்ளையை அவர் ஒரு தவணை கழித்தே அனுப்பினார். அதை யாரும் குறையாக எடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காலம் தேவைப்படுகிறது.

இன்று காலையில் அங்கே பாலர் பாடசாலை நடக்கிறது. பிற்பகலில் தையல் வகுப்பு. மாதத்தில் ஒரு தடவை தாய் சேய் சிகிச்சை நிலையம். மருத்துவமாது பிள்ளைகளை நிறுத்து ஊசி போடுகிறார். றோலன்ட் ஹில் போதகரை நான் அப்போது நினைத்துக்கொள்வதுண்டு. சென்ற வருடம் முதல் சனிக்கிழமைகளில் வளர்ந்த பெண்பிள்ளைகள் கராத்தே பழகுகிறார்கள். முதலில் சில தகப்பன்மார் முணுமுணுத்தார்கள். இருட்டிய பிறகு ரியூசன் முடிந்து தனியே வரும் பிள்ளைக்கு இது தேவை என்று தாய்மார் சொன்னதும் முணுமுணுப்பு அடங்கியது. மேற்குச் சுவர் பூசப்படாமல் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் அக்காவே அவர்களுக்கு விளங்கக் கூடிய அளவில் சொல்லுகிறார்.

எங்களுக்கு இன்னும் ஒரு கவலை உண்டு. கட்டிடம் எங்கள் கையில் இருந்தாலும் காணி எங்கள் பெயரில் இல்லை. சறே தேவாலயத்தார் குத்தகை முடியும் காலத்தில் வெளியேறியதை நினைத்து, நாங்கள் பிரதேச செயலகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி வருகிறோம். கடிதங்களின் பிரதிகளைச் சங்கத்தின் கோவையில் திகதி வாரியாக வைத்திருக்கிறோம். அதே கோவையில் களஞ்சியத்தின் கதையையும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். எந்த வருடம் யார் கட்டினார்கள், எந்த ஊர்ச் சனம் அங்கே தங்கியது, அங்கே பிறந்த பிள்ளைகள் யார், அங்கே இறந்தவர்கள் யார் என்று வயதானவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறோம். இடம்பெயர்ந்து வந்த காலத்தில் அந்தக் களஞ்சியத்துக்குள் நான்கு பிள்ளைகள் பிறந்திருப்பது இப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அவர்களில் ஒருத்தியின் மகன் இப்போது அதே இடத்தில் பாலர் வகுப்பில் படிக்கிறான்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மடமோ, பாடசாலையோ, சனசமூக நிலையமோ இருக்கும். அதன் கதையை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு கொப்பியை எடுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கி, உங்களில் மூத்தவரை முதலில் பேசவிட்டு எழுதத் தொடங்குங்கள்.